இணைச்சீருக்கு வந்தவள்

சேலத்தில் என்னிடம் பேசப்பட்ட முதல் வார்த்தை இந்தியில் இருந்தது.

“கிதர்?” என்றார் நடத்துனர், கையை உதறிக் காட்டி. “கிதர் ஜானா?”

ஆட்டையாம்பட்டி தாண்டி, திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு சிற்றூரின் பெயரைச் சொன்னேன். “இந்தப் பெரிய பையை எங்க வைக்கட்டும்?” என்றும் கேட்டேன். டிக்கெட் மெஷினைத் தட்டப் போன விரல் அப்படியே நின்றது.

“அட, தமிழ் நல்லாப் பேசறீங்களே! மில்லுக்கு வந்து எத்தன வருசமாச்சுங்க?”

“காலையிலதான் வந்தேன்.”

“ஒரே நாள்லயா!” என்றார். முன் இருக்கைகள் சிரித்தன. நானும் சிரித்தேன். விமானத்தில் தூங்காதவளுக்குச் சிரிப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது. அழுகையும்தான்.

அவர்மேல் தப்பில்லை. இந்தப் பக்கத்து நூற்பாலைகளில் வடகிழக்கிலிருந்து வந்த பெண்கள் நிறைய வேலை செய்கிறார்கள். என் தோல் அப்பாவுடையது, கண்கள் அம்மாவுடையவை. இரண்டும் சேர்ந்து ஒரே முகமாகிவிட நாற்பத்தைந்து வருடங்களாக முயன்றுகொண்டிருக்கின்றன. ஈப்போவில் தமிழ்ப்பள்ளியில் நான் சீனச்சி. அம்மா வீட்டுச் சீனப் பெருநாள் விருந்தில், மேசையின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெண். சேலம் மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். மறுக்கத் தெம்பில்லை.

அப்பா இந்த மண்ணிலிருந்து ராசிபுரம் பட்டுச்சேலைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு மலாயாவுக்கு வந்த வியாபாரி. அம்மா அந்தச் சேலைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த சீனப்பெண். வருடத்தில் ஐந்து மாதம் அவர் எங்களோடு இருந்தார். மீதி ஏழு மாதம் எங்கே என்பது எனக்குப் பதின்மூன்று வயதில், ஒரு சேலைக்கட்டுக்குள்ளிருந்து விழுந்த புகைப்படத்தில் தெரிந்தது. மொட்டையடித்த ஒரு சின்னப் பையன், பக்கத்தில் மூக்குத்தி போட்ட ஓர் அம்மாள். “உன் தம்பி” என்றார் அம்மா, தையல் மெஷினை நிறுத்தாமலேயே. “அப்பாவிடம் கேட்காதே.” எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. என் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது.

அப்பா ஆறு வருடங்களுக்கு முன் இந்த ஊரில் இறந்துபோனார். எங்களுக்குச் செய்தி வரப் பதினொரு நாளானது. சொன்னவன் அந்த மொட்டைத் தலைப் பையன், செந்தில். அப்பாவின் போனில் என் படங்களைப் பார்த்திருக்கிறான். எடுத்த எடுப்பில் “அக்கா” என்றான். அதன்பின் வாரத்துக்கு ஒரு முறையாவது சத்தீஸ்கரிலிருந்தோ மத்தியப் பிரதேசத்திலிருந்தோ அழைப்பான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் அவனுக்கு வேலை. வருடத்தில் முக்கால்வாசி ஊரில் இருக்க மாட்டான் என்பதால் பெண் கொடுக்க ஆளில்லாமல் நாற்பத்தொன்று ஆகிவிட்டது. இப்போது பாலக்காட்டுப் பக்கம் ஒரு நர்ஸ் அமைந்திருக்கிறாள்.

“இணைச்சீரு நீதான் செய்யோணும், அக்கா” என்றான் போன மாதம்.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாலிக்கு முன் நடக்கும் சடங்கு அது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் அருகில் நிற்பாள். மணப்பெண் உடுத்தப்போகும் கூறைச்சேலையைக் கொசுவி, ஒரு முனையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். மறுமுனையை அவன் பிடித்துக்கொள்வான். ஊரும் உறவும் பார்த்திருக்க இவள் இவனோடு பிறந்தவள் என்று ஆகிவிடும். உடன்பிறந்தவள் இல்லாத வீட்டில் சித்தப்பா, பெரியப்பா மகள் செய்வாள்.

நாற்பத்தைந்து வயதில் ஒருத்திக்கு ஒரு கோட்டை அழித்துப் பெயர் எழுதிக்கொள்ள ஆசை வரலாமா? வந்தது. முதுகுவலிக்காரக் கணவரை வீட்டில் விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் பத்து நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆட்டையாம்பட்டிக்குள் நுழையும்போது பேருந்தின் அடிவயிற்றில் ஏதோ அறுந்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்து, தலையைச் சொறிந்து, டீ குடிக்கப் போய்விட்டார். நாங்களெல்லாம் முறுக்குக் கடை நிழலில் நின்றோம். தெருவுக்குள்ளிருந்து தறிச்சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஈப்போவில் இப்படிப் பேருந்து நின்றால் ஆளாளுக்குப் போனைப் பார்ப்பார்கள். இங்கே ஆளையே பார்க்கிறார்கள்.

பக்கத்து இருக்கை அம்மாள் முறுக்குப் பொட்டலத்தை எனக்கும் நீட்டினார். “உங்குளுக்கு எந்த ஊருங்க?”

“மலேசியா.”

“அங்க அல்லாரும் இப்பிடித்தா இருப்பாங்ளா?”

“அப்பாவுக்கு இந்த ஊர்தாங்க. அம்மா சீனம்.”

அவர் முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார். “உங்கப்பன் ஊட்டுல அத ஒத்துக்கிட்டாங்ளா?”

“இன்னும் கேக்கல. கேக்கத்தான் போறேன்.”

“நாலு நாள் சோத்தத் தின்னுபோட்டுப் பொறவு கேளு சாமி” என்றார். “பட்டினில ஞாயம் பேசக்கூடாது.”

மாற்றுப் பேருந்து வர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அந்த அம்மாளின் இரண்டு மருமகள்களையும் நன்றாகத் தெரிந்துகொண்டுவிட்டேன்.

*

மறுநாள் கண்விழித்தபோது எருமை ஒன்று ஜன்னலுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் சந்தேகம்போல.

பெரியம்மாவுக்கு, அதாவது அப்பாவின் மனைவிக்கு, எழுபதை நெருங்கிய வயது. பாவாயி என்று பெயர். புகைப்படத்து மூக்குத்தி அப்படியே இருந்தது. முந்தைய நாள் வாசலில் என்னைப் பார்த்து “வா சாமி” என்றதோடு சரி. ஆனால் என் தட்டைவிட்டு அவர் கண் எடுக்கவில்லை. அரிசிம்பருப்புச் சோறு, அதன்மேல் நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். ஈப்போவில் மழை நாட்களில் அப்பா தானே அடுப்படிக்குப் போய்க் கிண்டிக் கொடுப்பது இதைத்தான். அவருக்கு எப்போதும் உப்பு கூடிவிடும். இங்கே சரியாக இருந்தது. நாங்கள் ஒரு பிரதியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியது. சட்டென்று பசி போய்விட்டது.

“என்ன, புடிக்கலியா?”

“பிடிச்சிருக்கு பெரியம்மா.”

“பொறவு ஏன் மூஞ்சி இப்பிடிப் போவுது?”

பதில் சொல்வதற்குள் ஒறம்பரை வர ஆரம்பித்துவிட்டது. விருந்தாளிகளை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நான்கு பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி என் முடியைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி பெரியம்மாவிடம் சொன்னாள்:

“இதுதானுங்களா அண்ணன் மலேசியாவுல எடுத்து வளத்த புள்ள? பெத்தவ பிரசவத்துலயே போய்ட்டாளாமா. பாவம். ஆனாலும் அண்ணனுக்கு என்னவொரு மனசுங்க!”

பெரியம்மா எழுந்து காபி போடப் போனார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொசைக் தரை. வெள்ளையும் கறுப்புமாகக் கல்லைக் கலந்து தேய்த்திருந்தார்கள். எடுத்து வளர்த்த பிள்ளை. மலேசியாவில் அது சகஜம்தான். வளர்க்க முடியாத சீனக் குடும்பங்கள் பெண் குழந்தையைத் தமிழர் வீட்டில் கொடுத்துவிடுவார்கள். சேலை கட்டி, பொட்டு வைத்து, தமிழ் மட்டுமே பேசும் சீன முகத்துப் பாட்டிகள் எங்கள் கோயில்களில் நிறைய உண்டு. ஆனால் நான் கொடுக்கப்பட்டவள் இல்லை. என்னைப் பெற்றவள் ஈப்போவில் இப்போது மார்க்கெட்டுக்குப் போய் மீனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“பத்திரிகை ஒரு கட்டு விட்டுப்போச்சு, எடுத்துட்டு வந்தர்லாம் வா அக்கா” என்று செந்தில் பைக்கில் ஏற்றிக்கொண்டான். ஊர் எல்லையில் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கு நடுவே பின்சக்கரம் பஞ்சர். பஞ்சர் கடை இரண்டு கிலோமீட்டர். தள்ளிக்கொண்டு நடந்தோம். ஈப்போவில் குன்றுகள் பச்சைப் போர்வைக்குள் இருக்கும். இங்கே வெயிலில் வெந்த பாறைகள், ஒரு மரமும் இல்லாமல் கூச்சப்படாமல் நிற்கின்றன.

“உனக்குத் தெரியுமா செந்தில், என்னை எடுத்து வளர்த்ததா சொல்லி வச்சிருக்கறது?”

அவன் பைக்கின் கைப்பிடியையே பார்த்தான். “தெரியுமுங்க்கா.”

“நெஜம் தெரியுமா?”

“உன்ற நெத்தியப் பாத்தா தெரியாதா? அச்சு அசல் அப்பன்.”

“அப்புறம் ஏண்டா சொல்லல?”

“சொன்னா நீ வருவியா?”

வந்திருக்க மாட்டேன். வெயில் தலைக்குள் இறங்கியது. “நீ வந்தாப் போதும்னு நெனச்சுட்டனுங்க்கா” என்றான். “கூடப் பொறந்தவ இருக்கறப்ப இன்னொருத்தி பக்கத்துல நிக்கறத நெனச்சாலே ஒரு மாதிரி இருந்துச்சு. எனக்கும் வேற யாரு இருக்கறா?”

ரிக்கில் இரும்புக் குழாயைத் தூக்கித் தூக்கித் தோள் ஒரு பக்கம் இறங்கிப்போன ஆள். அவனைத் திட்ட வேண்டும் என்று எடுத்த மூச்சு பாதியில் கலைந்துவிட்டது. நான் பைக்கின் பின்னால் போய்த் தள்ளினேன்.

*

மூன்றாம் நாள் காலையிலேயே பந்தல் போட்டாயிற்று. சமையல்காரர் சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணத்துக்காரர். அவர் பேச்சில் ‘ங்க’ குறைவு. “வெங்காயம் எங்க இருக்குது?” என்று அவர் கேட்டால் இந்த ஊர்க்காரர்களுக்கு அதட்டியதுபோல இருக்கிறது. அவரோடு பேசுவது எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வீட்டில் வேற்றாளாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். நான் அவருக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தேன்.

பத்து மணிக்கு அருமைக்காரர் வந்தார். கல்யாணச் சடங்குகளை நடத்திக் கொடுக்கும் பெரியவர். மெலிந்த உடம்பு, சலவை வேட்டி, பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைக்கும் பழக்கம். அவர் உட்கார்ந்ததும் சித்தப்பாவின் மனைவி, எனக்குச் சின்னம்மா, முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். அவருடைய மகள் கவிதாதான் நான் இல்லாவிட்டால் இணைச்சீர் செய்ய வேண்டியவள்.

“ஏனுங் மாமா, ஒரு ஞாயம் கேக்கறேன். எங்கியோ பொறந்த புள்ளைய எடுத்துட்டு வந்து நிக்க வெச்சா அது பொறந்தவ ஆயிருமா? எம் புள்ள இங்க முழுசா இருக்கறா.”

கவிதா சமையல்கட்டு வாசலில் நின்று போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் பெரிய அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

அருமைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். “எடுத்த புள்ளைன்னாலும் அப்பன் பேரு வெச்சு வளத்தா, அது அப்பன் கூட்டம். சீரு செய்யலாம். தப்பொண்ணுமில்ல.” கூட்டம் என்று இங்கே சொல்வது குலத்தை.

“எடுத்ததுதானான்னு யாரு கண்டா?” சின்னம்மா விடவில்லை. “வேற வழில வந்துருந்தா?”

“அப்ப ஆவாது. எடுத்த புள்ளைக்குக் கூட்டமுண்டு. வெச்சிருந்தவ புள்ளைக்கு இல்ல.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். என் பக்கம் திரும்பியபோது குரல் இன்னும் கனிந்தது. “அம்மணி, நாளைக்குக் காலைல சபைல ரெண்டு வார்த்த கேப்பேன். அப்பன் யாரு, பெத்தவ யாருன்னு. எடுத்து வளத்தாங்க, பெத்தவ இல்லைன்னு உன்ற வாயால சொல்லிப்போட்டா முடிஞ்சுது. அதுக்கு மேல எவனும் பேச மாட்டான்.”

நான் தலையாட்டினேனா என்று நினைவில்லை. அப்பாவின் ரத்தம் இல்லையென்று சொன்னால் நான் அப்பாவின் மகள். இருக்கிறதென்று சொன்னால் யாரோ. எத்தனையோ எல்லைகளில் எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறேன். இப்படி ஒரு படிவத்தைப் பார்த்ததில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லாரும் படுத்துவிட்டார்கள். பெரியம்மா வெங்காயக் கூடைகளுக்கு நடுவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் தாலிக்கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா போனபிறகும் அந்த மஞ்சள் கயிறு மட்டும், தாலி இல்லாமல், கழுத்தில் கிடந்தது.

“அந்தக் கதையக் கட்டுனது உங்கொப்பன் இல்ல சாமி. நாந்தான்.”

நான் பூண்டுத் தோலை ஊதினேன்.

“கண்ணாலம் முடிஞ்சு ஆறு வருசம் எனக்குப் புள்ள இல்ல. அங்க உனக்குப் பேரு வெச்சுப்போட்டு வந்து என்ற கால்ல உழுந்தாரு. மலடிங்கறதால புருசன் போய்ட்டான்னு ஊரு சொல்லும்ல? அதுக்கு முந்தி நாஞ் சொல்லிப்போட்டேன். ‘எங்குளுக்குப் புள்ள இல்ல, அங்க ஒண்ண எடுத்து வளக்கறம்’னு. அவுருக்கும் மானம், எனக்கும் மானம். பெத்தவ செத்துட்டான்னு சொன்னாத்தான் கேள்வி வராதுன்னு அதையுஞ் சேத்திப்போட்டேன். பொறவு நாலு வருசத்துல இவன் பொறந்தான். அதுக்குள்ள கத வேரு உட்ருச்சு.”

“நாளைக்கு நானும் அதையே சொல்லணுமா?”

“எனக்காவ வேண்டாம். அவனுக்காவச் சொல்லு. பொண்ணு ஊட்டுக்காரங்க மலையாளத்துல இருந்து வாராங்க. சபைல கசமுசான்னா எந்திரிச்சுப் போய்ட்டா? இன்னொரு பொண்ணு தேட அவனுக்கு வயசில்ல, எனக்குத் தெம்பில்ல.”

தெம்பு என்ற சொல்லை அவர் சொன்ன விதம் எனக்கு மிகவும் பழக்கமானதாக இருந்தது. அம்மாவும் இப்படித்தான் சொல்வார், வேறு மொழியில், ஊசியில் நூல் கோர்க்க முடியாத நேரங்களில்.

மாலையில் பின்கட்டுக்குப் போய் அம்மாவை வீடியோவில் அழைத்தேன். மூன்று நாளாகத் தமிழ் மட்டுமே பேசியதால் கான்டனீஸ் சீனத்துக்கு நாக்கு புரளவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“நான் செத்துவிட்டேனா? எப்போது?”

“என்னைப் பெறும்போது.”

அம்மா சிரித்தார். முன்பல் இல்லாத சிரிப்பு. “அப்படியானால் உனக்குச் சளி பிடித்தபோதெல்லாம் முதுகு தேய்த்தது யார்?” பிறகு முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்தார். ஒரு கண் மட்டும் தெரிந்தது. “சொல்லிவிடு. வார்த்தைதானே. நான் சாக மாட்டேன். அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகட்டும்.”

“உனக்கு வலிக்கவில்லையா?”

“வலிக்கிறது. முட்டி. நேற்றிலிருந்து மழை.”

அழைப்பை நிறுத்தியபின் சமையல்காரர் டீ கொண்டுவந்து கொடுத்தார். என்ன மொழி அது என்று கேட்டார். அம்மா மொழி என்றேன். “அம்மா இருக்குதா?” என்றார் சாதாரணமாக. இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே ஆள். “இருக்குதுங்க” என்றேன்.

*

நான்காம் நாள். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்திருந்தது. வாசலில் பந்தலுக்குக் கீழே நூறு பேராவது இருப்பார்கள். பாலக்காட்டிலிருந்து மணப்பெண்ணின் மாமாவும் இன்னும் பத்துப் பேரும் முந்தின நாளே வந்து இறங்கியிருந்தார்கள். பெண்ணோடு மண்டபத்துக்குப் போகும் முன் சடங்கைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று முன்வரிசையில் வேட்டி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டது பெரியம்மாதான். கொசுவம் எனக்கு என்றைக்கும் நிற்காது. வயிற்றில் குத்திக் குத்திச் செருகினார். செந்தில் மாலையோடு மணையில் நின்றான். கூறைச்சேலை தாம்பாளத்தில் மடிப்பாக இருந்தது. நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

அருமைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். “அம்மணி, அப்பன் பேரு?”

“முத்துசாமி.”

இந்தப் பெயரை அதற்குரிய கேள்விக்குப் பதிலாக நான் சத்தமாகச் சொல்வது அதுதான் முதல்முறை.

“பெத்தவ?”

சின்னம்மா கழுத்தை நீட்டினார். இரவு முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியம். என்னைப் பெற்றவர் பிரசவத்தில் தவறிவிட்டார், இவர்கள் எடுத்து வளர்த்தார்கள். ஏழு சொற்களில் அடங்கிவிடும்.

“என்னப் பெத்தவங்க,” என்றேன். “பிரசவத்துல...”

“நிறுத்து சாமி.”

பெரியம்மா. பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து நடந்து வந்தார். ஓடவில்லை. நடுப்பந்தலுக்கு வந்து, எங்கே நிற்பது என்று தெரியாதவர்போல ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார்.

“உசுரோட இருக்கறவள இந்தப் புள்ளையே அதுன்ற வாயால சாவடிக்கோணுமா? அதும் எம் பையன் மால போட்டு நிக்கற எடத்துல? வேண்டாமுங்க. அந்தப் பாவத்துல அவன் தாலி கட்ட வேண்டாம்.” மூச்சு வாங்கினார். “எடுத்து வளத்ததெல்லாம் பொய்யி. நாங் கட்டுனது. இவ அவுருக்குப் பொறந்தவ. இவளப் பெத்தவ அந்த ஊர்ல இருக்கறா. நல்லா இருக்கறா.”

எங்கோ ஒரு சில்வர் டம்ளர் உருண்டது. “நாந்தா அப்பவே சொன்னனே!” என்ற சின்னம்மாவின் குரல். பின்வரிசையில் பெரியவர்கள் இருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். அவர்களோடு இன்னும் நாலைந்து பேர்.

பாலக்காட்டு மாமா பக்கத்தில் இருந்தவரிடம் “எந்தா, எந்தா?” என்று கேட்டார். அவர் காதில் சொன்னார். மாமா எங்களை ஒரு பார்வை பார்த்தார். நாற்பத்தொரு வயது ஆணின் முழு வாழ்க்கையும் அந்த வெள்ளை மீசையின் அசைவில் இருந்தது.

“அது செரி,” என்றார் மாமா, தமிழில் பேச முயன்று. “முகூர்த்தம் தப்புமா? தப்பாதல்லோ? பின்னெ எதுக்கு நிக்குந்நு?”

அருமைக்காரர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பெரியம்மாவைப் பார்த்தபடியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனம் மாறும் என்று ஒரு கணம் நம்பினேன். மாறவில்லை. “பொய் சொல்லாம உட்டீங்க, நல்லது” என்றார். “ஆனா மொற மொறதானுங்க. கவிதா, வா சாமி.”

“அக்கா நிக்கலைன்னா எனக்குச் சீரே வேண்டாம்” என்று செந்தில் மாலையில் கை வைத்தான்.

“கழட்டாதே” என்றேன். “பொண்ணோட மாமா எழுந்திரிக்கல. நீயும் போயிடாதே. நில்லு.”

அதற்குமேல் அவனை எப்படிச் சமாதானம் செய்வது என்று தெரியவில்லை. கூறைச்சேலையின் முனையை எடுத்து அவன் விரல்களுக்குள் நானே திணித்தேன். பிறகு விலகினேன். கவிதா வந்து நின்றாள். என்னைத் தாண்டும்போது “சாரிக்கா” என்றாள் மெதுவாக. போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள், வைக்க இடமில்லாமல்.

மங்கல வாழ்த்துப் பாட ஆரம்பித்தார்கள். சேலை விரிந்தது. இவளுடைய கக்கத்துக்கும் அவனுடைய கைக்கும் நடுவே சிவப்பாகத் தொங்கியது. நான் பெண்கள் பக்கம் போய் நின்றேன். எனக்காக யாரும் விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை. நான் ஏமாந்தேனா? ஆம். மூவாயிரம் கிலோமீட்டர் வந்து, ஓர் அடி தூரத்தில் விட்டுவிட்டேன். ஆனால் மனசுக்குள் எதுவோ உட்கார்ந்துவிட்டது. நெடுநேரம் நின்றவர் உட்காருவதுபோல.

*

மண்டபத்தில் தாலி கட்டியாயிற்று. மணப்பெண் சுனிதா என் கையைப் பிடித்து “சேச்சி, கழிச்சோ?” என்றாள். அக்கா, சாப்பிட்டாயா என்று அர்த்தமாம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் இதைவிடப் பெரிய கதைகளைப் பார்த்திருப்பாள்.

முதல் பந்தியில் பெரியம்மாவுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றில் நான் உட்கார்ந்தேன். இன்னொன்றில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை. பரிமாறியவர் அதற்கும் ஓர் இலை போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்து, பிறகு எடுத்துக்கொண்டு போனார். நாற்பத்தைந்து வருடக் கௌரவம் ஒரு காலையில் போய்விட்டது. பெரியம்மா பருப்பைப் பிசைந்துகொண்டே இருந்தார். உண்ணவில்லை.

“உனக்கு எம்மேல வருத்தமா?” என்றார்.

“இல்ல பெரியம்மா.”

“எனக்கு உம்மேல இருக்குது. நீ வராம இருந்துருந்தா இதெல்லாம் இல்ல.” கொஞ்சம் விட்டு, “செரி, உண்ணு” என்றார்.

கை கழுவும் இடத்தில் என் பின்னாலேயே வந்தார். முந்தானையால் கையைத் துடைத்து, மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“உங்கம்மா பேரென்ன சாமி?”

அவர் கேட்டதில்லை. கட்டிய கதையில் இறந்தவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை போல.

“சூ மெய்.”

“சூமை.”

“சூ. மெய்.”

“சூம்மெய்,” என்றார். உதட்டைக் குவித்து இன்னொரு முறை முயன்றார். “கூப்புடு. நாம் பேசோணும்.”

பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே போனை உயர்த்திப் பிடித்தேன். ஈப்போவில் மாலை. அம்மா எடுத்தார். என் முகத்தை எதிர்பார்த்துத் திறந்த வாய், மூக்குத்தியைப் பார்த்ததும் அப்படியே நின்றது. ரவிக்கை தைத்த காலத்தில் கற்ற தமிழ் கொஞ்சம் அம்மாவுக்கு உண்டு. ஆனால் அதை எடுக்க நேரமானது.

“உண்டாச்சுங்களா?” என்றார் பெரியம்மா, கல்யாண வீட்டுச் சத்தத்தில், தூரத்து ஊருக்குக் கேட்க வேண்டுமென்று கத்தி.

“சாப்டாச்சி,” என்றார் அம்மா. “நீங்க?”

“ஆச்சுங்க.”

இருவரும் பொய்தான் சொன்னார்கள். அம்மா ஏழு மணிக்கு முன் சாப்பிட மாட்டார். பெரியம்மாவின் இலை அப்படியே இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை வலித்தது. மாற்றிப் பிடித்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை.